வெறும் காறை எலும்பு

விழுந்தபோது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. காய்ந்த ஓடை ஒன்றின் கரையிலிருந்து சரிந்து இறங்கும் மண் தடம். முந்தின வாரம் பெய்த மழை அறுத்துவிட்டுப் போன பள்ளத்தில் மணல் நிரம்பி, பார்க்கத் தரை மாதிரியே இருந்தது. என் மவுண்டன் பைக்கின் முன் சக்கரம் அதில் புதைந்து நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து இடது தோளில் போய் விழுந்தேன். பச்சைக் குச்சியை ஒடிப்பது போல ஒரு சத்தம். வலி அதற்கப்புறம்தான் வந்தது.

"மாப்ள, எந்திரிக்காத. அப்படியே படு" என்றான் பின்னால் வந்த நண்பன். ஹெல்மெட்டைக் கழற்ற விடவில்லை. கழுத்து வலிக்கிறதா, கால் விரல் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு டீஷர்ட்டை விலக்கி, தோலுக்கு அடியில் கூடாரம் போட்டது மாதிரி தூக்கிக்கொண்டு நின்ற எலும்பைப் பார்த்துச் சிரித்தான். "காலர்போன்தான்டா. வெறும் காலர்போன்."

அந்த 'வெறும்' அடுத்த மூன்று மாதமும் என்னை விடவில்லை. எமர்ஜென்ஸியில் இருந்த பையன் சொன்னான், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தலையில் அடிபடலையே, முதுகெலும்பு போகலையே, வெறும் காறை எலும்புதானே. அவர்கள் சொன்னது தப்பில்லை. காட்டுத் தடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சொல் உறுத்தியது. இந்த எலும்பை 'வெறும்' என்று முதலில் சொன்னது யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

காறை என்றால் கழுத்தை ஒட்டி அணியும் நகை. அது படியும் இடத்தில் இருப்பதால் காறை எலும்பு. லத்தீன்காரர்கள் இதைச் 'சின்னச் சாவி' என்றார்கள். கருவில் ஐந்தாறு வாரத்திலேயே எலும்பாக மாறத் தொடங்கும் முதல் எலும்புகளில் ஒன்று இது. முழுசாக முற்றுவதோ இருபதைத் தாண்டித்தான். கையை உடம்பின் நடுக்கூட்டோடு எலும்பு வழியாக இணைப்பது இது ஒன்று மட்டும்தான். தோளில் விழும் அடி நெஞ்சுக்குப் போகிற வழியும் இதுதான். 'எஸ்' போல வளைந்து, நடுவில் மெலிந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த நடுவில்தான் ஒடியும். ஒடிந்ததும் கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்கும், கையின் கனம் வெளித்துண்டைக் கீழே இழுக்கும். என் தோளில் நின்ற கூடாரம் அப்படி வந்ததுதான்.

எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் கிட்டத்தட்ட 3,600 வருஷம் பழையது. அதில் காயங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. 35-வது காயம் காறை எலும்பு முறிவு. ஆளை மல்லாக்கப் படுக்க வை, தோள்பட்டைகளுக்கு நடுவில் எதையாவது மடித்து வை, முறிந்தது இடத்தில் விழும்வரை இரு தோளையும் விரித்துப் பிடி, பிறகு துணி வைத்துக் கட்டு என்கிறது. இருபதாம் நூற்றாண்டு ஆஸ்பத்திரிகளில் போட்ட எட்டு வடிவக் கட்டும் இதே யோசனைதான். தோளைப் பின்னால் இழுத்துக் கட்டுவது.

கிரேக்க ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில், காறை எலும்பு ஒடிந்தவர் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு சித்திரம் வருகிறது. முதலில் ஏதோ பெரிய ஆபத்து என்று பயப்படுவார். சில நாளில் வலி குறையும். நடக்கவோ சாப்பிடவோ தடையில்லை என்று தெரிந்ததும் அலட்சியமாகிவிடுவார். வைத்தியருக்கும் அந்த இடத்தை அழகாகச் சேர்த்துவைக்க முடியாதென்று தெரியும். அதனால் நோயாளி கண்டுகொள்ளாததில் அவருக்கு வருத்தமில்லை, மெல்ல நழுவிவிடுவார். அதற்குள் எலும்பு கூடிவிடும். படித்ததும் வலியோடு சிரித்தேன். 'வெறும்' பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

இந்த எலும்பு எல்லோரையும் அப்படிச் சும்மா விடவில்லை. 1702 பிப்ரவரியில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் ஹாம்ப்டன் கோர்ட் பக்கம் குதிரையில் போனபோது, குதிரை ஒரு துன்னெலி தோண்டிய மண்மேட்டில் கால் இடறியது. மன்னருக்குக் காறை எலும்பு முறிவு. எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். அவர் ஓய்வெடுக்காமல் கோச் வண்டியில் கென்ஸிங்டன் கிளம்பிவிட்டார். பிறகு காய்ச்சல், நுரையீரல் தொற்று. மார்ச் 8-ஆம் தேதி இறந்தார். அவருடைய எதிரிகள் அந்தத் துன்னெலியைக் 'கறுப்பு வெல்வெட் கோட்டு போட்ட குட்டிக் கனவான்' என்று வாழ்த்தி மதுக்கோப்பை உயர்த்தினார்களாம். என் முன் சக்கரம் புதைந்த பள்ளமும் அந்த மண்மேடும் ஒரே ஜாதி. தடத்தில் விழுவதற்கு எஞ்சின் வேண்டியதில்லை, சக்கரமும் வேண்டியதில்லை.

1850-இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் லண்டனில் குதிரையிலிருந்து விழுந்தார். தடுமாறிய குதிரை அவர் மேலேயே விழுந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருக்கும் ஒடிந்தவற்றில் காறை எலும்பு ஒன்று. இந்த எலும்புக்கு நேர் பின்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. நண்பன் என் கையைப் பார்த்து, "வெரல்ல உணர்ச்சி இருக்கா? மரத்துப்போகுதா?" என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்டான் என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

*

1976 அக்டோபர் 21-ஆம் தேதி கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மலைத்தடத்தில் பந்தயம் விட்டார்கள். சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் உயரம் இறங்கும் சரிவு. கீழே வருவதற்குள் பின் சக்கரப் பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும், மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தத் தடத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இன்று நான் ஓட்டும் வண்டியின் பரம்பரை அங்கிருந்துதான். மோட்டார் பைக்குகள் அதற்கு முன்பே காட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வார இறுதியில் வேகமாக விழுபவர்கள் என்று ஒரு புதுக் கூட்டம் உருவானது.

அவர்களை வரவேற்ற மருத்துவம் எந்த நம்பிக்கையில் இருந்தது? 1960-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் ஒரு கணக்கு வெளியிட்டார். அறுவை செய்யாமல் விட்ட 2,235 நடுக்காறை முறிவுகளில் கூடாமல் போனவை வெறும் 3. இந்த எண்ணைப் பார்த்த யார்தான் கத்தியை எடுப்பார்கள்? ஸ்லிங் போடு, வீட்டுக்கு அனுப்பு. பல பத்தாண்டுகள் அதுவே பாடமாக இருந்தது.

1997-இல் வேறொரு கணக்கு வந்தது. இந்த முறை நன்றாக விலகிப்போன முறிவு உள்ள பெரியவர்கள் 52 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 8 பேருக்கு எலும்பு கூடவே இல்லை. அதைவிட முக்கியம், நோயாளிகளிடமே கேட்டார்கள். எப்படி இருக்கிறது, திருப்தியா? 16 பேர் இல்லை என்றார்கள். 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ எலும்பு குட்டையாகிக் கூடியவர்களுக்குச் சிக்கல் அதிகம் இருந்தது. 2007-இல் கனடா மருத்துவர்கள் 132 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு வருஷக் கடைசிவரை தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில், தகடு வைத்த 62 பேரில் 2 பேருக்கும், ஸ்லிங் மட்டும் போட்ட 49 பேரில் 7 பேருக்கும் எலும்பு கூடவில்லை. கை எந்த அளவுக்கு உதவுகிறது என்று நோயாளியே நிரப்பும் படிவம் அதிலும் முக்கியமான அளவுகோல்.

இதை வைத்து 'எல்லோருக்கும் தகடு' என்று சொல்லிவிட முடியாது. தகட்டால் தோல் உறுத்தல் வரும், தொற்று வரும், சில சமயம் கழற்ற இன்னொரு அறுவை தேவைப்படும். அறுவை இல்லாமலே கூடியவர்களின் கை கடைசியில் அவ்வளவு மோசமில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகளும் உண்டு. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எகிப்திலிருந்து 1960 வரை 'ஆறிவிட்டது' என்று சொன்னது வைத்தியரின் கண். எலும்பு கூடினால் கதை முடிந்தது. தோளுக்குச் சொந்தக்காரரிடம் முறையாகக் கேட்டு எழுதிக்கொண்டது நேற்றைக்குத்தான்.

*

என் எக்ஸ்ரேயில் விலகல் 2 சென்டிமீட்டருக்கு மேல். தகடு வைத்தார்கள். மறுநாளே பிசியோ அக்கா வந்து, குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொன்னார். அம்மா பதறிப்போனார். "கைய ஆட்டாத சாமி! இப்பத்தான் வெச்சுத் தெச்சிருக்காங்கொ."

அம்மாவின் பக்கமும் ஒரு பெரிய வரலாறு நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர், உடைந்த எலும்புக்கு நீண்ட, இடைவிடாத, கட்டாய ஓய்வுதான் மருந்து என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அவர் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். நம் ஊரில் புத்தூர் கட்டுக்காரர்கள் இருப்பது போல வேல்ஸில் அந்தக் குடும்பம். பிசியோ அக்காவின் பக்கம் 1958-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏஓ என்ற அறுவை மருத்துவர் குழு. எலும்பை உலோகத்தால் உறுதியாகப் பிடித்துவிட்டு மூட்டை உடனே அசைய விடு, இல்லையென்றால் எலும்பு கூடும், கை கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுக் கட்டிலருகே இரண்டு நூற்றாண்டுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அக்கா ஜெயித்தார்.

நண்பர்கள் வீடியோ அனுப்பினார்கள். 2013-இல் மோட்டோ ஜிபி வீரர் ஹோர்ஹே லொரென்ஸோ நெதர்லாந்தின் அஸ்ஸனில் வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். பார்சிலோனா பறந்து தகடும் 8 திருகும் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். டக்கார் பாலைவனப் பந்தயத்தை டோபி பிரைஸ் 2019-இல் மணிக்கட்டு எலும்பு முறிவு ஆறாமலேயே ஜெயித்தார். "நீ என்னடா ரெண்டு மாசமா படுத்திருக்க?" என்றார்கள். லொரென்ஸோ கதையின் மீதியை யாரும் அனுப்பவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் ஜெர்மனியில் மறுபடி விழுந்தார். தகடு வளைந்துபோய் இரண்டாவது அறுவை. தகடு எலும்பை ஆற்றுவதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. புது எலும்பு முளைக்க வேண்டும், அது இறுக வேண்டும். அந்த வாரங்களை யாராலும் குறைக்க முடியாது. எலும்பு முந்துமா, உலோகம் களைக்குமா என்று உள்ளே நடக்கும் பந்தயத்தில் நம் வேலை குறுக்கே போகாமல் இருப்பதுதான்.

*

மூன்றாம் மாதம் அப்பிச்சியைப் பார்க்க ஊருக்குப் போனேன். அவருக்கு 81 வயது. இடது தோள் சற்றுச் சரிந்திருக்கும். துண்டை எப்போதும் வலது தோளில்தான் போடுவார். அது அவர் ஸ்டைல் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். 1971-இல் பால் கேன் கட்டிய சைக்கிளோடு கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்தாராம். அப்போது அவருக்கு என் வயது. புத்தூர் கட்டுப் போடுபவர் ஒருவரிடம் போனார்கள். கை கால் என்றால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம். காறை எலும்புக்கு எங்கே பத்தை வைப்பது? தோளைச் சுற்றித் துணி கட்டி அனுப்பினார். அன்று எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எலும்பு கூடிவிட்டது. வீட்டில் எல்லோரும் 'ஆறிருச்சு' என்றார்கள்.

படிவத்தில் இருந்த கேள்விகள் நினைவுக்கு வந்தன. "அப்பிச்சி, அந்தத் தோள் இப்பவும் வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு கண்ணு" என்றார். அப்புறம் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். உரமூட்டையை இடது தோளில் ஏற்ற முடியாததை, தென்னை ஏறுவதை விட்டதை, மழைக்காலத்தில் குடைவதை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாயி கையை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, எங்கிட்டக்கூட ஒருநாளும் சொல்லலீங்களே?"

"நீ கேக்கலியே" என்றார் அப்பிச்சி.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஓடைத் தடத்துக்குப் போனேன். எக்ஸ்ரே நன்றாகக் கூடிவிட்டதாகச் சொல்கிறது. கை தலைக்கு மேலே போகிறது. பள்ளத்துக்கு முப்பது அடி முன்னாலேயே என் இரண்டு விரலும் பிரேக்கைப் பிடித்துவிட்டன. நான் பிடிக்கச் சொல்லவில்லை. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினேன். கீழே காத்திருந்த நண்பன், "என்னாச்சு மாப்ள, தோள் இன்னும் சரியாகலையா?" என்றான்.

"தோள் ஆயிருச்சு. நான்தான் ஆகல" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தனக்கு ஒடிந்தபோது அந்த மாதிரிப் பள்ளத்தில் மறுபடி இறங்க ஏழு மாதம் ஆனது என்றான். அவன் அதை யாரிடமும் சொன்னதில்லையாம். நானும் அதுவரை கேட்டதில்லை.