நான்காவது பானிபட்டு யுத்தம்

பானிபட்டு என்றதும், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்தவர்களுக்கு மூன்று யுத்தங்கள் ஞாபகம் வரும். 1526, 1556, 1761 என்று உருப்போட்டுத்தானே பரீட்சை எழுதினோம்! அதே பானிபட்டில் நான்காவதாகவும் ஒரு யுத்தம் நடந்தது என்றால் சிரிப்பீர்கள். அதில் யானை இல்லை, பீரங்கி இல்லை. பதினோரு வயதுப் பையன் ஒரு பக்கம். அவன் சுமந்துகொண்டிருந்த ஏறக்குறைய 80 கிலோ எடை மறு பக்கம்.

பானிபட்டுக்கு அருகே கண்ட்ரா என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் கூட்டுக் குடும்பத்தில், 1997 டிசம்பர் 24-இல் பிறந்தவன் நீரஜ் சோப்ரா. ஹரியானாவில் பாலுக்கும் நெய்க்கும் என்ன பஞ்சம்? செல்லப் பிள்ளை ஊதிப் பெருத்தான். ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அவன் ஜிப்பா அணிந்து வந்தால் "சர்பஞ்ச்" என்று கூவினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வருகிறாராம்!

இந்த மாதிரிக் கேலியைப் பெரியவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம். கேட்கிற குழந்தைக்கு அது விளையாட்டு அல்ல. சில பிள்ளைகள் வீட்டுக்குள்ளே பதுங்கிக் கொள்கிறார்கள். சிலர் சோற்றையே பகைத்துக்கொள்கிறார்கள். வளருகிற வயதில் இரண்டும் கெடுதல்.

நீரஜின் வீட்டார் அவனை முதலில் மட்லௌடாவிலும், பிறகு பானிபட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்தார்கள். எடை குறைய வேண்டும் என்பதுதான் உத்தேசம். ஆனால் பானிபட்டு சிவாஜி ஸ்டேடியத்தில் சிலர் ஈட்டி எறிவதைப் பையன் பார்த்துவிட்டான். தானும் எறிந்து பார்த்தான். 2010-ஆம் வருஷக் குளிர்காலத்தில், பயிற்சியே இல்லாத அந்தக் கை 40 மீட்டர் எறிந்ததைக் கண்டு, ஜெய்வீர் சௌத்ரி என்ற ஈட்டி வீரர் அவனுக்கு முதல் குருவானார்.

யுத்தம் திசை மாறியது அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். ஆண்கள் எறியும் ஈட்டியின் எடை 800 கிராம்தான்; குழந்தைகூடத் தூக்கிவிடும். தூரமாக எறிவதற்குக் கை பலம் மட்டும் போதாது. ஓடி வரும் வேகம் காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏறிக் கடைசியில் கைக்கு வந்து சேர வேண்டும். கொழுத்த உடம்பால் அப்படி ஓட முடியாது. பட்டினி கிடந்து வற்றிய உடம்பாலும் முடியாது. ஆகையால் "இளைக்க வேண்டும்" என்ற ஆசை போய், "இன்னும் ஒரு மீட்டர்" என்ற ஆசை வந்தால் போதும். ஓட்டமும் பயிற்சியும் தாமாகப் பின்னால் வரும். எடை சொல்லிக்கொள்ளாமல் விடைபெற்றுக்கொள்ளும்.

பிறகு பஞ்ச்குலாவில் பயிற்சி. 2012-இல் லக்னோவில் 68.40 மீட்டர், அது இளையோருக்கான தேசிய சாதனை. 2016-இல் போலந்து நாட்டின் பிட்கோஷ் நகரில் 86.48 மீட்டர், அது இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக சாதனை.

1960-இல் ரோமாபுரியில் மில்கா சிங்குக்கும், 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷாவுக்கும் நான்காம் இடத்தோடு நழுவிப்போன ஒலிம்பிக் பதக்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 ஆகஸ்ட் 7-இல் டோக்கியோவில் நீரஜ் 87.58 மீட்டர் எறிந்தார். தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கம்! சில வாரங்களுக்கு முன் காலமான மில்கா சிங்குக்கு அதைக் காணிக்கையாக்கினார்.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை, போக வேண்டியதுமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு குண்டுப் பையனோ பெண்ணோ இருந்தால், பட்டப் பெயரையும் எடை பார்க்கும் இயந்திரத்தையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். சாயங்காலம் ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். பந்தோ, மட்டையோ, ஈட்டியோ, எதன்மேல் அந்தக் கண் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.