குளத்துக்குப் பணிந்த ஹோட்டல்: கண்டலமை உன்னிச்சைக்குச் சொல்வது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் எம்முன்னோர் சூட்டிய பெயர்கள் பொருள் பொதிந்தவை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. அப்படுவான்கரையின் உட்புறத்தே இருக்கிறது உன்னிச்சைக் குளம். வயல்களுக்குப் பாயும் அக்குளத்து நீர், இன்று வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைத் தாண்டி வந்து மட்டக்களப்பு நகரத்தாரின் குடிநீராகவும் விளங்குகிறது.

2009 இல் போர் முடிவுற்றபின் மாவட்டத்தின் வடக்கே பாசிக்குடாக் கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. உல்லாசப் பயணிகளின் பார்வை கடலோடு நின்றுவிடுவதில்லை. யானையும் பறவையும் நாடி அது உட்பகுதிக் குளக்கரைகளுக்கும் திரும்பும். அன்று உன்னிச்சை என்ன செய்யவேண்டும்? விடை தேட, கொஞ்சம் பின்னோக்கிச் செல்வோம்.

குளக்கரையில் பயணிகளைத் தங்கவைப்பது இலங்கைக்குப் புதிதன்று. அகன்ற விறாந்தையும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் கொண்ட வாடிவீடுகள் பிரித்தானியர் காலத்திலேயே இருந்தன. பொலனறுவையில் பராக்கிரம சமுத்திரக் கரையிலுள்ள வாடிவீட்டில் 1954 இல் எலிசபெத் மகாராணியார் தங்கினார். சில அறைகளே கொண்ட அவ்விடுதிகள் குளங்களுக்குப் பெருஞ்சுமையாகவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட அறைகளோடு ஹோட்டல் வந்தபோதுதான் கேள்வி எழுந்தது.

அக்கேள்வி உரத்து ஒலித்த இடம் தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலமை. 1990களின் தொடக்கத்தில் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் சீகிரியாக் குன்றின் அண்மையில் ஹோட்டல் அமைக்க எண்ணிக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவை அழைத்தது. காட்டப்பட்ட இடத்தை அவர் ஏற்கவில்லை. கண்டலமைக் குளத்துக்கு மேலுள்ள பாறைச்சரிவையே தேர்ந்தெடுத்தார். செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. பௌத்த பிக்குகளும் சுற்றாடல் ஆர்வலரும் கிராமத்தவரும் குரலெழுப்பினர். கழிவுநீர் குளத்தில் கலந்தால் எங்கள் கதி என்ன என்பதே உழவரின் அச்சம்.

எதிர்ப்பையும் மீறி 1994 இல் ஹோட்டல் திறக்கப்பட்டது. ஆனால், அது குளத்துக்குப் பணிந்தே நின்றது. மழைநீர் தடையின்றிச் சரிவில் இறங்கும்படி கட்டடம் தூண்கள் மீது நிறுத்தப்பட்டது. பாறை உடைக்கப்படாமல் கட்டடத்தின் உள்ளேயே இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீண்ட அமைப்பைச் செடிகொடிகள் போர்த்தின. கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குச் சென்றது. பசுமைக் கட்டடங்களுக்கான 'லீட்' சான்றிதழை அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் பெற்ற ஹோட்டல் இதுவே.

இப்பெருமை 2003 இல் மறைந்த பாவாவையும் நிறுவனத்தையும் சேர்வது நியாயமே. எனினும், குளத்துக்காகக் குரல்கொடுத்த கிராமத்தவருக்கும் அதில் பங்குண்டு என்பது என் கருத்து. ஊரே கண்காணிக்கும்போது எவரும் குழாயைக் குளத்துக்குள் திருப்பத் துணியமாட்டார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் எனச் சிலர் கூறலாம். 1993 இன் சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட்டே அனுமதி பெறவேண்டும். குளத்தின் ஒதுக்குநிலத்துள் அமைபவை சிறியவையாயினும் தப்பமுடியாது. ஆனால், அவ்வெல்லைக்குச் சற்று வெளியே 50 அறைகளோடு எழும் விடுதி இவ்விரண்டிலும் அகப்படாது போகலாம். சரிவில் ஓடும் மழைநீருக்கு எல்லைக்கல் தெரியாது.

புதிதாகக் கட்டுவோருக்கு மட்டுமன்று, புதுப்பிப்போருக்கும் இது பொருந்தும். பாசிக்குடாவில் 2011 முதல் திறக்கப்பட்ட ஹோட்டல்களுக்கும் புதுப்பிக்கும் காலம் வரும். வர்ணம் பூசுவதும் தரையோடு மாற்றுவதும் மட்டுமே புதுப்பித்தல் ஆகா. நல்ல சுவரை இடிக்காமல் காப்பதும், வெந்நீருக்குச் சூரிய வெப்பத்தைக் கொள்வதும், கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

கண்டலமையில் முதற்கேள்வியைக் கேட்டவர்கள் குளத்தை நம்பி வாழ்ந்தவர்கள். உன்னிச்சையை நம்பியிருப்போரோ இரு கரைகளிலும் உள்ளனர். படுவான்கரையில் மடை திறக்கும் உழவரும், எழுவான்கரையில் குழாய் திறக்கும் நகரத்தாரும் முதல் அத்திவாரக்கல் விழுமுன்பே ஒரே குரலில் கேட்கவேண்டும்: இந்த விடுதியின் அழுக்குநீர் எங்கே போகும்?