ஒபேராவுக்கு வேட்டி கட்டலாமா?

சென்ற ஆண்டு ஜூன் மாதம் பாரீசில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் பேத்தி வந்து, "தாத்தா, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒபேராவுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்களும் நானும்" என்றாள். பலே கார்னியே! 1875-இல் திறந்த அந்த மாளிகையை எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்ததோடு சரி. எழுபது வயதுக்கு மேல் அதற்குள் போகப் போகிறேன் என்ற மகிழ்ச்சி ஒரு மணி நேரம்தான் இருந்தது. பிறகு கவலை வந்துவிட்டது. எதை உடுத்திக்கொண்டு போவது?

மருமகன் தன் கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினார். தோள் சரியாக இருந்தது, வயிறு இடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரி, "பட்டு வேட்டி பெட்டியிலே சும்மாத்தானே கெடக்குது" என்றாள். பேத்தியோ சிரித்தாள். "அங்கே ஒரு சட்டமும் கிடையாது தாத்தா. ஜீன்ஸ் போட்டுக்கிட்டே வர்றாங்க."

அவளுக்கு இது வேடிக்கை. புதுச்சேரிக்காரனுக்கு அப்படியல்ல. நம் ஊரில் காலில் என்ன போட்டுக்கொள்வது என்பதே கோர்ட்டுக்குப் போன விஷயம்.

துய்ப்ளெக்ஸ் காலத்தில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு இருந்த தனி மரியாதைகளில் தங்கப் பிடி போட்ட கைத்தடியும், மேளதாளத்தோடு பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள் போவதும் உண்டு. காலில் செருப்போடு உள்ளே போவதும் அவற்றில் ஒன்று. செருப்பு போட்டுக்கொள்வதை ஒரு விருதாகக் கொடுத்தார்கள் என்றால், மற்றவர்கள் வாசலில் கழற்றிவிட்டுப் போனார்கள் என்றுதானே பொருள்?

அது கவர்னர் பார்த்துக் கொடுத்த சலுகை. அதை உரிமை என்று கேட்டவர் பொன்னுத்தம்பி பிள்ளை. புதுச்சேரி வக்கீல். 1873-இல் ஐரோப்பியர் அணியும் ஷூவைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள், தண்டனையும் விதித்தார்கள். மனிதர் விடவில்லை. பாரீசில் உள்ள கஸ்ஸாசியோன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கைக் கொண்டு போனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ஜூல் கொதேன். தீர்ப்பு பொன்னுத்தம்பி பிள்ளை பக்கமே வந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை வந்ததும், பிறப்பால் வந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான்களுக்குத் தலைவராக நின்றார். துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இவர் எடுத்த பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.

என் தகப்பனார் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்தவர். அவரிடம் ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. ஜூலை 14 விழாவுக்கும் பெரிய இடத்துக் கல்யாணங்களுக்கும் மட்டும் வெளியே வரும். வேட்டி, மேலே கோட்டு, காலில் ஷூ. திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைப்பார். "இது பொன்னுத்தம்பி பிள்ளை வாங்கிக் கொடுத்த ஷூடா" என்பார். சின்ன வயதில் அதை நான் நிஜமென்றே நம்பினேன். கடைக்காரர் யாரோ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்!

பாரீசில் அந்த இரண்டு நாளும் எனக்கு இன்னொரு கதையும் நினைவுக்கு வந்தது. 1838-இல் நம் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஒரு சிறுமி உட்பட ஐந்து தேவதாசிகளையும் மூன்று இசைக்காரர்களையும் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் அழைத்துப் போனார். வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். எட்டு வருடம் முன்பே பாரீஸ் ஒபேரா ஒரு "பயாதேர்" கதையை மேடை ஏற்றியிருந்தது. அதில் தாசியாக ஆடியவர் மரீ தக்லியோனி என்ற ஐரோப்பிய நடனக்காரி. இப்போது நிஜமானவர்களே வந்து நின்றார்கள். எழுத்தாளர் தெயோஃபீல் கோத்தியே அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். அம்மணி என்ற பெண்ணுக்குப் பார் என்ற சிற்பி வெண்கலச் சிலையே செய்தார்.

ஆக, நம் உடை பாரீஸ் அரங்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் அது மேடைமேல் வேடிக்கைப் பொருளாகப் போனது. டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்காரும் ஆளாகப் போவது வேறு. பொன்னுத்தம்பி பிள்ளையும் அதைத்தானே கேட்டார்?

வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்வானேன்? 2014-இல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை, வேட்டி கட்டி வந்தார் என்று ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உள்ளே விடவில்லை. அதன் பிறகு அந்த ஆண்டே தமிழக சட்டமன்றம், வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஷூ போட்டதற்காக ஒருவரைத் தடுத்தார்கள், வேட்டி கட்டியதற்காக இன்னொருவரை. உடை மாறியிருக்கிறது, வாசலில் நிற்கும் ஆளின் பார்வை மாறவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டு வேட்டியும் வெள்ளை முழுக்கைச் சட்டையும் போட்டேன். காலில் சாக்ஸும் கறுப்பு ஷூவும். "வேட்டிக்கு பூட்ஸா?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். "எங்கப்பா அப்படித்தான் போவார்" என்றேன்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. அவள் டிக்கெட்டைப் பார்த்தாள், "போன் சுவாரே, முசியே" என்றாள், கையால் படிக்கட்டைக் காட்டினாள். காலைப் பார்க்கவே இல்லை.

சலவைக்கல் படிக்கட்டில் வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். இன்னொரு கையைப் பேத்தி பிடித்திருந்தாள்.