ஊசிக்கு முன்னாடியா, பின்னாடியா? ஒரு காய்ச்சல் மாத்திரையின் கதை

கல்வராயன் மலையின் பழைய ஜாகீர்களைப் பற்றிக் குறிப்பெடுக்கத்தான் கரியாலூர் போயிருந்தேன். போன நாள் புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி நாள். 14-வது வார ஊசிக்குப் பேரனைத் தூக்கி வந்த ஒரு ஆயா நர்சம்மாவிடம் கேட்டார்:

"போன தடவ ராத்திரி பூரா அனலா கொதிச்சுது. இந்தவாட்டி மாத்திரைய முன்னாடியே குடுத்துட்டா என்னா?"

"முன்னாடி வேணாம் ஆயா. காய்ச்சல் வந்தா குடுங்க, நான் சொல்ற அளவுதான்."

ஜாகீர் குறிப்பு அன்றைக்கு அப்படியே நின்றுபோனது. ஏனென்றால் ஆயா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. 1980-களில் வட அமெரிக்க டாக்டர்களும் இதையே யோசித்து, 'முன்னாடியே குடுக்கலாம்' என்ற பக்கம்தான் சாய்ந்தார்கள்.

காரணம் பயம். அன்றைய முத்தடுப்பு ஊசியில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுசாகவே சேர்ப்பார்கள். அதனால் காய்ச்சல் அதிகம். 1974-இல் லண்டன் டாக்டர்கள் சிலர், இந்த ஊசிக்குப் பிறகு மூளை பாதிப்பு வந்ததாக 36 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பிற்கால ஆய்வுகளில் அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. ஆனால் அதற்குள் பிரிட்டனில் ஊசி போடுவது பாதிக்கும் கீழே சரிந்து, கக்குவான் திரும்பி வந்துவிட்டது. காய்ச்சலை அடக்கினால் பெற்றோர் பயம் அடங்கும் என்று பாராசிட்டமால் உள்ளே வந்தது. (ரே நோய்க்குறி பயத்தால் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது என்று ஆனதும் அந்தக் காலத்தில்தான்.)

சுமார் 20 வருஷம் கழித்து ஒரு திருப்பம். செக் நாட்டில் 459 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி போட்ட கையோடு, காய்ச்சல் வருகிறதா என்று பார்க்காமலே, ஒரே நாளில் மூன்று வேளை பாராசிட்டமால். முடிவு 2009-இல் லான்செட் இதழில் வந்தது. 38 டிகிரி தாண்டிய காய்ச்சல் 66 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைந்தது. நல்லதுதானே என்கிறீர்களா? கூடவே பல நோய்களுக்கான எதிர்ப்புப் புரதமும் குறைந்திருந்தது! பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அளவுக்குக் கீழே போகவில்லைதான். ஆனாலும், 39.5-ஐத் தாண்டிய காய்ச்சல் இரண்டு பிரிவிலுமே அபூர்வம் என்கிறபோது, எதற்காக முன்கூட்டியே மருந்து? 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் ஊசிக்கு முன்போ ஊசியின்போதோ வலி மருந்து வேண்டாம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடுங்கள் என்றது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதே 2015-இல் பிரிட்டன் மெனிங்கோகாக்கஸ் பி ஊசியைத் தொடங்கியபோது, பாராசிட்டமாலையும் சேர்த்தே கொடுக்கச் சொன்னது. அந்த ஊசிக்குக் காய்ச்சல் அதிகம். மருந்து கொடுத்தாலும் எதிர்ப்பு குறையவில்லை என்று சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஊசிக்கு ஊசி கணக்கு வேறு.

நம் ஊருக்கு வருவோம். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் முழுக் கக்குவான் கிருமிதான். ஆயா சொன்ன அனல் அதுதான். எனக்கென்னவோ, எதிர்ப்புப் புரதம் கொஞ்சம் குறைவதைவிட, அந்த ராத்திரிக்குப் பயந்து அடுத்த ஊசிக்கு மலைப்பாதையில் இறங்கி வராமல் போவதுதான் பெரிய நஷ்டம் என்று படுகிறது. நர்சம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடி வரணும் என்று இரண்டு தரம் சொன்னார்.

ஆயா மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "வந்தாத்தானே?" என்று மறுபடியும் கேட்டார்.

"வந்தாத்தான் ஆயா."