ஊவா மலைச்சரிவும் நீரின் கணக்கும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக்குக் கிழக்கே, பெரியதொரு கிண்ணம் போலத் தாழ்ந்து விரிந்து கிடப்பது ஊவாப் பள்ளத்தாக்கு. அதன் மேற்குப் பக்கத்தில் அமைந்த ஊர் வெலிமடை. நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்ந்த மலைகளில் ஊற்றெடுக்கும் உமா ஓயா, வெலிமடைப் பிரதேசத்தின் வயல்களையும் மரக்கறித் தோட்டங்களையும் நனைத்துக்கொண்டு, வடக்கு நோக்கிச் சென்று மகாவலியில் கலக்கின்றது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், அதனை அடுத்த பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலும் கோப்பி, தேயிலை, மின்சாரம் என்னும் பெருந்தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேரூன்றின. அவை நீரை எவ்வாறு நடத்தின என்பதே இவ்வுரையின் பொருள். தொழில் நிறுவனம் ஒன்று நீரைப் பொறுப்புடன் ஆள்வது எப்படி என்பதை அறிய விரும்புவோருக்கு, ஊவாவின் வரலாறு ஏற்றதொரு பாடமாகும்.

முதலில் இப்பகுதியின் மழையை அறிதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும்போது அது வறண்ட காற்றாகவே வருகின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரையிலான காலமே இங்கு மழை மிகுந்த காலம். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் தனி மணத்தை ஊட்டுகின்றது. ஆயின், அதே காற்றே ஊற்றுகளை மெலியச் செய்கின்றது. கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாழ்த்துகின்றது. தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும், குடிநீருக்குத் தட்டுப்பாடு நேரும் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. ஆதலின், மழைக்காலத்து நீரை வறட்சிக்காலம் வரை மலை தன்னுள்ளே தாங்கி வைத்திருக்கின்றதா என்பதே ஊவாவின் உயிர்நிலைக் கேள்வியாகும்.

பழைய கிராமத்து மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மலையுச்சியில் காடு நின்றது. நடுச்சரிவில் குடியிருப்புகளும் வீட்டுத்தோட்டங்களும் இருந்தன. ஓடையை அணைகட்டி மறித்து, சிறு வாய்க்கால் வழியாகப் படிப்படியாக அமைந்த வயல்களுக்கு நீரைப் பாய்ச்சினர். மேல்வயலின் கழிவுநீர் கீழ்வயலின் பாசனநீராயிற்று. ஒரே நீர் பலமுறை பயன்பட்ட பின்னரே ஆற்றைச் சேர்ந்தது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, வயல்களும் நீர்ப்பாசன அமைப்புகளும் அழிவுக்குள்ளாயின. அந்த ஒழுங்கு அன்று பெற்ற அடி சிறிதன்று.

அடுத்து வந்தது கோப்பி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடும் புல்வெளியும் அரசின் உடைமையாகக் கருதப்பட்டன. அவை மலிவான விலைக்குத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டப்பட்டது, எரிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் சரிவெங்கும் கோப்பிச்செடி எழுந்தது. கோப்பிப் பழத்தின் தோலை நீக்கவும், கொட்டையைப் புளிக்கவைத்துக் கழுவவும் மிகுந்த நீர் தேவை. ஆகவே கோப்பி ஆலைகள் ஓடைக்கரைகளிலேயே அமைக்கப்பட்டன. தோலும் பசையும் கலந்த கழிவு ஓடையிற் சேர்ந்து அழுகும்போது, நீரிலுள்ள உயிர்வளி குன்றிவிடும். மேலே காடு இல்லை. கீழே ஓடை தூய்மையாக இல்லை. நீரைப் பற்றிய முதற் கணக்கில் தொழில் கடன்பட்டது இவ்வாறே.

இந்நிலையில், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக விளங்கிய யோசப் ஹூக்கர், 1873ஆம் ஆண்டில் இலங்கை அரசுக்கு ஒரு யோசனை கூறினார். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாது விடவேண்டும் என்பதே அது. அரசும் அந்த உயரத்துக்கு மேற்பட்ட முடிக்குரிய காட்டை விற்பதை நிறுத்தியது. ஹோட்டன் சமவெளி முதலிய உயர்நிலக் காடுகள் இன்றும் எஞ்சி நின்று ஆறுகளுக்கு நீர் ஊட்டுவதற்கு அந்தத் தீர்மானம் ஒரு காரணமாகும். ஆனால் ஐயாயிரம் அடிக்குக் கீழே பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. இழப்பு முன்னே வந்தது. காப்பு பின்னே வந்தது. இவ்வரிசை பின்னரும் பலமுறை தொடர்ந்ததை வரலாறு காட்டுகின்றது.

1869ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைத் தொழில், கோப்பியைப் போல ஆலையில் நீரைச் செலவிடுவதன்று. பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீரே உள்ளது. அந்த நீரைப் போக்குவதே ஆலையின் வேலை. நூறு கிலோ கொழுந்திலிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோ தேயிலையே கிடைக்கும். ஆயினும் ஆலைக்கு வேறொரு வகையில் நீர் வேண்டியிருந்தது. இயந்திரங்களைச் சுழற்றுவதற்கு ஆற்றல் வேண்டுமன்றோ! ஓடையின் நீரைக் குழாய் வழியாக இறக்கி, நீர்ச்சக்கரத்தையும் டர்பைனையும் சுழற்றினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் இத்தகைய அமைப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. சக்கரத்தைச் சுழற்றிய நீர் அழுக்குறாமல் மீண்டும் ஓடைக்கே திரும்பியது. கீழேயுள்ள மற்றொரு தோட்டத்தின் சக்கரத்தையும் அதுவே சுழற்றியது. எடுத்ததைக் கெடுக்காமல் திருப்பித் தரும் முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1950இல் லக்சபானை மின்நிலையம் இயங்கத் தொடங்கி, மின்கம்பிகள் தோட்டங்களை எட்டிய பின்னர், அச்சக்கரங்களிற் பல துருவேறிக் கிடந்தன. நூற்றாண்டின் இறுதியில் அவற்றுட் சில திருத்தப்பட்டு மீண்டும் மின்சாரம் தரலாயின.

ஆலை நீரைக் கெடுக்கவில்லை. ஆனால் மலை கெடுத்தது எனலாம். தேயிலை மலையில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது பழைய துரைமாரின் கொள்கை. சுரண்டியால் புல்லைச் செதுக்கி, மண்ணை வெறுமையாக வைத்தனர். பருவமழை அந்த வெற்றுமண்ணை அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கியது. மண் போனால் நீரைத் தாங்கிவைக்கும் பஞ்சும் போயிற்று. இதனைத் தடுப்பதற்குக் கான் வெட்டும் முறை எழுந்தது. மலையின் குறுக்கே, மிகச் சிறிய சாய்வில் கான்கள் வெட்டப்பட்டன. கானின் நடுவே இடையிடையே சிறு வரம்பு விட்டால், ஓடிவரும் நீர் அங்கே சற்று நின்று, மண்ணைப் படியவிட்டு, தானும் நிலத்துள் ஊறும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய முறைகளை ஆராய்ந்து தோட்டங்களுக்கு எடுத்துக் கூறியது. ஊவாவுக்கெனப் பசறையில் அதன் கிளை உண்டு. கவ்வாத்து வெட்டிய கொப்புகளை விறகுக்கு எடுக்காமல் மண்மேல் பரப்புதல், நிழல் மரம் வளர்த்தல், மானாப்புல் நடுதல் என்பனவும் அந்நிலையத்தின் அறிவுரைகளுட் சில. வெயிலிலும் மழையிலும் கான் வெட்டிய தொழிலாளியின் மண்வெட்டியே ஊவாவின் முதல் நீர்ப்பாதுகாப்புக் கருவி என்று கூறினால் அது மிகையாகாது.

1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் வழி அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், ஆலைகள் கழிவை வெளியேற்றுவதற்கு விதிமுறை வகுத்தன. வெளிநாட்டில் தேயிலை வாங்குவோரும் இப்போது தேயிலையின் மணத்தோடு தோட்டத்தின் நடத்தையையும் கேட்கின்றனர். ஓடைக்கரையில் மருந்து தெளிக்காமல் ஒரு பட்டை நிலத்தை மரஞ்செடிகளுக்கு விடவேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடலாகாது என்பன சான்றிதழ் பெறுவதற்கான நிபந்தனைகளுள் அடங்குகின்றன.

ஆலையின் உள்ளேயும் சிக்கனத்துக்கு இடமுண்டு. தரையும் இயந்திரமும் கழுவுவதற்கும், வறண்ட மாதங்களில் கொழுந்து அரைக்கும் அறையின் காற்றை ஈரமாக வைப்பதற்கும் நீர் செலவாகின்றது. தேயிலை ஆலையின் அகன்ற கூரையோ மழைநீரைத் திரட்டுவதற்கென்றே அமைந்தது போன்றது. இது ஊவாவுக்குப் புதிய எண்ணமன்று. 1995ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய குடிநீர்த் திட்டமொன்று, பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டுக்கூரை நீரைச் சேமிக்கும் தொட்டிகளை அறிமுகம் செய்தது. 2005இல் நாடு முழுவதற்குமான மழைநீர் சேகரிப்புக் கொள்கை வகுக்கப்பட்டது. குடிசையின் கூரை செய்வதை ஆலையின் கூரை செய்யலாகாதா?

நீரை மீண்டும் பயன்படுத்தல் கட்டாயமான இடங்களும் உண்டு. தமிழ்நாட்டின் திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயமிடும் ஆலைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. உழவருக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாலைகளை மூடுமாறு கட்டளையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் ஆற்றுக்குச் செல்லாது, சுத்திகரித்துத் திரும்பவும் ஆலைக்கே கொண்டுவரும் முறையை ஏற்ற பின்னரே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. அங்கும் இழப்பு முன்னே, காப்பு பின்னே.

ஊவாவில் அண்மைக்காலத்திய பெரும் பாடம் உமா ஓயாத் திட்டம். வெலிமடைப் பகுதியிலுள்ள புகுல்பொலவில் ஆற்றை மறித்து, டயரபா அணைக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து 15 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட சுரங்கம் வழியாக நிலத்தடி மின்நிலையத்துக்கு இறக்கி, பின்னர் தென்கிழக்கின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவது அதன் நோக்கம். 120 மெகாவாற் மின்சாரம் அதன் பயன். ஈரான் நாட்டின் பங்களிப்புடன் நடைபெற்ற அவ்வேலையில், 2014ஆம் ஆண்டு டிசம்பரில், பிளவுண்ட பாறைகளினூடே நிலத்தடி நீர் சுரங்கத்துள் பெருகிற்று. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் திரளாகத் தெருவில் இறங்கினர். சீமெந்துக் கலவையால் வெடிப்புகளை அடைத்து வேலை தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. வறண்ட வயலுக்கு நீரும் நாட்டுக்கு மின்சாரமும் நல்லனவே. ஆயினும், தோண்டுவதற்கு முன் பாறைக்குள் ஒளிந்திருக்கும் நீரின் கணக்கை எடுக்கவேண்டும் என்பதை, வற்றிய கிணற்றடியில் வெறுங்குடத்துடன் நின்றவர்களே உலகுக்கு உணர்த்தினர்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கடமைகள் புலனாகின்றன. எடுக்கும் நீரை அளந்து எடுத்தல் ஒன்று. பயன்படுத்திய நீரைக் கெடாமல் திருப்பித் தருதல் மற்றொன்று. நீரைத் தரும் சரிவையும் காட்டையும் காத்தல் மூன்றாவது. முதலிரண்டையும் குழாயும் கருவியும் செய்துவிடும். மூன்றாவதே அரிது, ஆனால் ஊவாவுக்கு அதுவே முதன்மையானது. மேலே ஒரு கம்பனி செய்யும் பிழையை, கீழே பலர் சுமக்கின்றனர். லயத்தருகே பீலிக்கரையில் குடத்துடன் நிற்கும் தோட்டத்துத் தாயும், வெலிமடை வயலில் மடை திறக்கும் உழவரும், உமா ஓயா கொண்டுவரும் வண்டலால் தூர்ந்துவரும் ரந்தம்பே நீர்த்தேக்கமும் அப்பலருள் அடங்குவர். கம்பனியின் ஆண்டுக் கணக்கு மார்ச்சிலோ டிசம்பரிலோ முடியலாம். நீரின் கணக்கு முடிவது ஆடிமாதத்துப் பீலியில். அங்கே நீர் நிற்காமல் வீழுமாயின், அந்நிறுவனம் தன் கடமையைச் செய்தது என்று கொள்ளலாம்.