ஆய்வுக்கூடத்திற்கு வேண்டிய பொருள்: உதவித்தொகையின் வரலாறு

1942-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அண்ணல் அம்பேத்கர், வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் நம் மக்களின் குறைகளை விளக்கி ஒரு மனு அளித்தார். அம்மனுவின் கல்விப் பகுதியை நம் இளைஞர் அவசியம் அறிதல் வேண்டும். இந்தியாவில் அறிவியலும் தொழில்நுட்பமும் பயிலும் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு ஆண்டுதோறும் 2 இலட்சம் ரூபாய். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில்வோர்க்கு 1 இலட்சம். இதுவே அவர் கேட்டது.

கேட்டவரோ பொருளியலும் சட்டமும் கற்றவர். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் திங்களுக்கு 11½ பவுன் வீதம் மூன்றாண்டுக்கு அளித்த உதவியால் கொலம்பியா சென்றவர். அதற்கு ஈடாகப் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர். அறிவியற் கல்வியின் செலவை ஏழைப் பெற்றோர் தாங்கவியலாமையால்தான் நம் பிள்ளைகள் கலையையும் சட்டத்தையும் நாடுகின்றனர் என்பது அவர் வாதம். அதன் உண்மையை நாம் இன்றும் காண்கிறோம். வரலாற்று நூலைப் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் விளக்கடியில் படிக்கலாம். நுண்ணோக்கியை வீட்டிற்கு எடுத்துவர இயலுமோ? அறிவியல் ஆய்வாளனின் பகற்பொழுது முழுதும் ஆய்வுக்கூடத்திற்கே உரியது; அப்பொழுதுக்கு எவரேனும் கூலி கொடுத்தாக வேண்டும்.

1944-இல் மெட்ரிக் படிப்பிற்கு மேற்பட்ட கல்விக்கு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. அது நம்மவர் பலரைக் கல்லூரி வாயிலுக்குள் சேர்த்தது. 1954-55-இல் அயல்நாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகை வந்தது. ஆனால் உள்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வுக்கென்றே நம்மவர்க்குத் தனித் திட்டம் வந்தது 2005-06-இல்தான். ராஜீவ் காந்தி பெயரால் தொடங்கிய அது, பின்னர்த் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகை எனப் பெயர் மாறிற்று. அறுபதாண்டு இடைவெளி சிறிதன்று. அதன் ஆண்டு இடங்கள் 2,000. அறிவியலுக்கு வகுக்கப்பட்டவை 500. அண்ணல் முழுதும் அறிவியலுக்கே கேட்டார். நாம் பெற்றது நாலில் ஒரு பங்கு!

தொடக்கத்தில் அதற்கு நெட் தேர்வு வேண்டப்படவில்லை, பின்னர் வேண்டப்பட்டது. ஆகவே முதுநிலை அறிவியல் பயிலும் நம் இளைஞர், இறுதியாண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வுக்கு ஆயத்தமாதல் வேண்டும். இளநிலை ஆய்வாளர் தொகையிலும் நமக்கு இட ஒதுக்கீடு உண்டு. 2023 சனவரி முதல் முதல் ஈராண்டுக்குத் திங்களுக்கு 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் என அத்தொகை உயர்த்தப்பட்டது.

தொகை அறிவிக்கப்படுவது வேறு, கைக்கு வருவது வேறு. மாதக்கணக்கில் பணம் வராமல், கடன் வாங்கி விடுதிக் கட்டணம் செலுத்தியவர் நம்மிடையே உளர். சேர்க்கைச் சான்று, வருகைச் சான்று ஆகியவற்றின் படிகளைத் தேதியுடன் வைத்திருப்போர்க்கு முறையிடுதல் எளிதாகும். தேர்வில் இடம் கிட்டாதவர் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் ஊதியத்துடன் சேர்ந்தும் பட்டத்திற்குப் பதிவு செய்யலாம்; அத்திட்டம் எந்நாளில் முடிகிறது என்பதைச் சேருமுன்னரே கேட்டறிதல் வேண்டும்.