நாலு ஜிபி சுவர்

புனே வந்த புதுசில், அக்கா கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரிலிருந்து டிவி ரெக்கார்டருக்கு மாற்ற உட்கார்ந்தேன். ஒரே ஃபைல், 6 ஜிபி. டிஸ்கில் இடம் தாராளம், ஆனாலும் காப்பி ஆகவில்லை.

வில்லன், ரெக்கார்டருக்குத் தெரிந்த ஒரே டிஸ்க் ஃபார்மட்டான ஃபேட்32. 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்போடு வந்தது. ஃபைல் அளவைக் குறித்து வைக்க 32 பிட்தான் ஒதுக்கினார்கள். அதில் அடங்கும் பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி! அன்றைக்குப் பல வீட்டு ஹார்ட் டிஸ்க்கே அவ்வளவு இல்லை, யாரைத் திட்டுவது?

2006-ல் எக்ஸ்ஃபேட் வந்து இந்தச் சுவரை உடைத்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டது 2019-ல்தான்.

நான் அன்று ஃபைலை இரண்டாக வெட்டினேன். கெட்டிமேளம் முதல் துண்டில், தாலி ரெண்டாவதில்.